படியெடுத்த ஊர்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துப் பாரிஷ் கணக்கெடுப்பு பதிவான விதம்

1. கேள்வி

ஸ்காட்லாந்தில் 1901, 1911, 1921 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகள் மூன்றும் இன்று எவரும் பார்க்கக்கூடியவை. நூறாண்டு மூடிவைக்கும் விதி முடிந்து 1911இன் ஏடுகள் 2011 ஏப்ரலிலும் 1921இன் ஏடுகள் 2022 நவம்பரிலும் வெளிவந்தன. ஒரு பாரிஷின் ஏட்டைத் திறந்தால் வீடு வீடாக, ஆள் ஆளாகப் பெயர், குடும்பத் தலைவருக்கு உறவு, வயது, தொழில், பேசும் மொழி, பிறந்த ஊர், வீட்டின் அறைகள் என்று வரிசையாக வருகிறது. முன்னோரைத் தேடுபவர்களும் வட்டார வரலாறு எழுதுபவர்களும் இந்தப் பக்கத்தை அந்தக் குடும்பம் தன்னைப் பற்றித் தானே சொன்ன சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படி எடுத்துக்கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. குடும்பம் எழுதிய தாள் இன்று இல்லை. நம் கையில் இருப்பது, அந்தத் தாளைப் பார்த்து ஊர்க்காரர் ஒருவர் எழுதிய படி. அந்தப் படியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே அளவு நம்பகத்தன்மை கிடையாது. சில கட்டங்களில் குடும்பத்தின் குரல் ஏறத்தாழ அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. சிலவற்றில் கணக்கெடுப்பாளரின் தீர்ப்புதான் பதிவாகியிருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிரித்தறியாமல் பாரிஷ் வரலாறு எழுதுவது பிழையில் போய் முடியும் என்பது என் துணிபு.

2. பாரிஷ் முதல் எடின்பரோ வரை

பாரிஷ் என்பது முதலில் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி. ஸ்காட்லாந்தில் மக்களை எண்ணும் வேலை தொடக்கத்திலிருந்தே அதைச் சார்ந்து நின்றது. 1755இல் அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற பாதிரியார் நாடெங்கும் உள்ள பாரிஷ் பாதிரியார்களிடம் கணக்குக் கேட்டுத் தொகுத்தபோது 12,65,380 பேர் என்ற எண் கிடைத்தது. அரசு 1801இல் கணக்கெடுக்கத் தொடங்கியதும் பாரிஷ் பள்ளி ஆசிரியர்களிடம் அந்தப் பொறுப்பு போனது. 1801 முதல் 1831 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளிலும் அவர்கள் தலைகளை எண்ணித் தொகையை மேலே அனுப்பினார்கள். நாடு முழுவதும் பெயர் வாரியாக எழுதும் முறை 1841இல்தான் வந்தது.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதிவு செய்வது 1855இல் தொடங்கியது. அதையடுத்து 1861 முதல் கணக்கெடுப்பும் லண்டனின் பொறுப்பிலிருந்து எடின்பரோவில் இருந்த தலைமைப் பதிவாளரின் கைக்கு மாறியது. இந்த மாற்றத்தை வெறும் அலுவலக இடமாற்றமாக நினைக்கக் கூடாது. இங்கிலாந்தில் கேட்காத கேள்விகளை ஸ்காட்லாந்து கேட்டதற்கும், கேட்ட விதம் வேறுபட்டதற்கும் இதுவே காரணம்.

பாரிஷின் பதிவாளர் தன் எல்லையைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒரு கணக்கெடுப்பாளரை அமர்த்துவார். மாவட்டத்தில் ஷெரிபும் நகரங்களில் தலைமை மாஜிஸ்திரேட்டும் மேற்பார்வையிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த, தெரு அறிந்த ஆள் வேண்டும். கிராமத்தில் அது பள்ளி ஆசிரியராகவோ எழுத்தராகவோ கடைக்காரராகவோதான் இருக்க முடியும்.

அவர் கணக்கெடுப்பு நாளுக்கு முன் வீடுதோறும் படிவத்தைக் கொடுத்துவிட்டு வருவார். 1901இல் மார்ச் 31, 1911இல் ஏப்ரல் 2, இரண்டும் ஞாயிற்றுக்கிழமைகள். அன்றிரவு வீட்டில் தங்கியவர்களைக் குடும்பத் தலைவர் எழுதி வைக்க வேண்டும். மறுநாள் கணக்கெடுப்பாளர் வந்து வாங்கிப் பார்ப்பார். எழுதத் தெரியாதவர்களுக்குத் தானே கேட்டு எழுதிக்கொடுப்பார், விட்டுப்போனதை நிரப்புவார். பிறகு எல்லாப் படிவங்களையும் ஒரு புத்தகத்தில் படியெடுப்பார். பதிவாளர் சரிபார்த்த பின் புத்தகம் எடின்பரோ போகும். அங்கே எழுத்தர்கள் எண்ணிப் பட்டியல்களில் ஏற்றுவார்கள். ஒரு குடும்பம் தன்னைப் பற்றிச் சொன்னது நம்மிடம் வந்து சேருமுன் இத்தனை பேரைக் கடந்து வருகிறது.

எல்லைச் சிக்கல் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புத்தகத்தின் தலைப்பில் குடிமைப் பாரிஷ், தேவாலய நோக்கத்துக்கு மட்டுமான பாரிஷ், பள்ளி வாரியப் பகுதி, நகரம், கிராமம், தீவு என்று பல கட்டங்கள் உண்டு. ஒரே வீடு இவற்றில் பலவற்றுக்குள் அடங்கும். 1889ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் அமைந்த எல்லை ஆணையர்கள் 1891ஐ ஒட்டிப் பல பாரிஷ்களின் எல்லைகளை மாற்றியமைத்தார்கள். ஆகவே ஒரு பாரிஷின் 1881ஆம் ஆண்டுத் தொகையை 1901உடன் நேராக ஒப்பிட்டு மக்கள் குறைந்தார்கள், கூடினார்கள் என்று எழுதுவதற்கு முன் எல்லை மாறியதா என்று பார்த்தே தீர வேண்டும்.

3. படியெடுத்ததில் போனது என்ன?

1911இல் இங்கிலாந்தும் வேல்ஸும் துளையட்டை இயந்திரங்களுக்கு மாறின. வீட்டுப் படிவத்திலிருந்தே அட்டையில் துளையிட்டுக்கொள்ள முடிந்ததால் படிப் புத்தகம் தேவைப்படவில்லை; படிவங்கள் அப்படியே பாதுகாக்கப்பட்டன. இன்று ஓர் ஆங்கிலக் குடும்பத் தலைவரின் கையெழுத்தையே நாம் பார்க்கலாம். ஸ்காட்லாந்து அந்த ஆண்டும் புத்தகத்தில் படியெடுக்கும் பழைய வழியில் சென்றது. வேலை முடிந்தபின் படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை.

இழப்பின் அளவை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். பெண்களுக்கு வாக்குரிமை கோரியவர்கள் 1911இல் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். வாக்கு இல்லையேல் கணக்கும் இல்லை என்பது அவர்களின் முழக்கம். இங்கிலாந்தில் அவர்கள் படிவத்தின் குறுக்கே எழுதிய கண்டன வாசகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஸ்காட்லாந்திலும் அந்தப் போராட்டம் நடந்தது. ஆனால் அங்கே ஒரு பெண் படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும், கணக்கெடுப்பாளர் அதைத் தன் புத்தகத்தில் குறித்தால்தான் உண்டு. கட்டத்துக்குள் அடங்காத சொல்லைப் படியெடுக்கும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பெயர்களும் இப்படியே. மேட்டுநிலப் பகுதியிலும் மேற்குத் தீவுகளிலும் வீட்டில் டோர்மத் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் நார்மன் ஆனார். ஊஷ்ஜன் ஹியூ ஆனார். தந்தை, பாட்டன் பெயர்களை அடுக்கி ஒருவரை அடையாளம் காட்டும், அங்கே கேலிக் மொழி பேசியவர்களின் வழக்கம் ஏட்டுக்குள் நுழையவே இல்லை. ஒரே ஊரில் அதே பெயரும் அதே குடும்பப் பெயரும் கொண்டவர்கள் பலர் இருக்கும்போது, ஊரார் அவர்களைப் பிரித்தறிந்த வழியை ஏடு விட்டுவிட்டது. வடகிழக்கு மீனவக் கிராமங்களில் குடும்பப் பெயர்கள் மிகச் சில என்பதால் பட்டப்பெயரே அங்கே உண்மையான அடையாளம். அதுவும் இந்த ஏடுகளில் அரிதாகவே கிடைக்கும்.

4. சன்னல் உள்ள அறைகள்

ஸ்காட்லாந்தின் கணக்கெடுப்பில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கேள்வி இது. ஒரு சன்னலாவது உள்ள அறைகள் எத்தனை என்று 1861 முதல் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். இங்கிலாந்து 1891இல்தான் அறைகளைப் பற்றிக் கேட்டது. அதுவும் ஐந்துக்குக் குறைவான அறைகள் உள்ள வீடுகளில் மட்டும்.

சன்னலை அளவுகோலாக்கியது சிந்தித்துச் செய்த காரியம். அறை என்றால் எது என்று வீட்டுக்காரரும் அதிகாரியும் வாதிட இடமுண்டு. தடுப்புப் போட்ட மூலையும் அறையாகலாம், பொருள் வைக்கும் இடுக்கும் அறையாகலாம். சன்னல் கண்ணுக்குத் தெரியும். வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர் எண்ணிவிடலாம். முதல் கணக்கிலேயே ஸ்காட்லாந்தின் குடும்பங்களில் மூன்றில் ஒன்று ஒற்றை அறையில் வாழ்வது தெரியவந்தது. அரை நூற்றாண்டு கழிந்து 1911இலும் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒன்றிரண்டு அறைகளுக்குள் வாழ்ந்தார்கள். இங்கிலாந்தில் அந்தப் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. 1912இல் அமைந்து 1917இல் அறிக்கை தந்த ஸ்காட்லாந்து வீட்டுவசதி அரச ஆணையம் இந்த எண்களை வைத்தே பேசியது. அரசு செலவில் வீடு கட்டும் 1919 சட்டத்துக்கு அந்த அறிக்கை வழி அமைத்தது. மூன்று இலக்கம்கூட இல்லாத ஓர் எண்ணை வீடுதோறும் ஐம்பது ஆண்டுகள் விடாமல் குறித்துவந்ததன் பலன் இது.

ஆயினும் இந்த உறுதியான கட்டமும் சில இடங்களில் தடுமாறுகிறது. லூயிஸ் தீவின் பார்வஸ், லாக்ஸ், ஊயிக், ஸ்டோர்னோவே ஆகிய நான்கு பாரிஷ்களில் அந்நாளில் பலர் வாழ்ந்தது தடித்த கற்சுவரும் வைக்கோல் கூரையும் கொண்ட நீண்ட வீடுகளில். நடுவில் தரையிலேயே அடுப்பு. ஒரே கூரையின்கீழ் ஒரு முனையில் மாடுகள். வெளிச்சம் கூரையில் பதித்த சிறு கண்ணாடி வழியாகவோ சுவரின் சிறு திறப்பு வழியாகவோ வரும். இதில் எது சன்னல்? மனிதர் இருக்கும் பகுதி ஓர் அறையா, தடுப்பை வைத்துப் பார்த்தால் இரண்டா? படிவத்தில் இதற்கு விடை இல்லை. கணக்கெடுப்பாளரே முடிவு செய்தார். பக்கத்து வட்டத்தில் வேறொருவர் வேறுவிதமாக முடிவு செய்திருக்கலாம். ஆகையால் லூயிஸின் இரு வட்டங்களுக்கு இடையே அறை எண்ணிக்கையில் வேறுபாடு தெரிந்தால், வீடுகள் வேறுபட்டனவா எண்ணியவர்கள் வேறுபட்டார்களா என்ற கேள்வியை எழுப்பாமல் மேலே போகக் கூடாது.

நகரத்தில் சிக்கல் வேறு வகை. கிளாஸ்கோவின் அடுக்குக் கட்டடங்களில் சிறு வீடுகளின் கதவில், உள்ளே எத்தனை பேர் தங்கலாம் என்று குறித்த தகடு பொருத்தியிருந்தது. சுகாதார ஆய்வாளர்கள் நள்ளிரவில் வந்து எண்ணுவார்கள். கூடுதலாக ஆள் இருந்தால் தண்டனை. அப்படிப்பட்ட வீட்டுக்காரர், வாடகைக்குப் படுக்க இடம் கொடுத்த ஆளை அரசின் இன்னொரு தாளில் மனமுவந்து எழுதியிருப்பார் என்று நம்புவது கடினம். அறைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் தலைகளின் எண்ணிக்கை குறைந்திருக்க வாய்ப்புண்டு. நெரிசல் ஏட்டில் தெரிவதைவிட அதிகமாகவே இருந்திருக்கும், குறைவாக இருந்திருக்காது.

5. கேலிக் கட்டம்

மொழிக் கேள்வி 1881இல், கேலிக் ஆர்வலர்களின் வற்புறுத்தலால் கடைசி நேரத்தில் சேர்ந்தது. அப்போது வழக்கமாகக் கேலிக் பேசுபவர் யார் என்று கேட்டார்கள்; 2,31,594 பேர் என்று கணக்கு வந்தது. வழக்கமாக என்ற சொல்லால், கேலிக் தெரிந்தும் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசியவர்கள் விடுபட்டார்கள் என்ற குறை எழுந்தது. 1891இல் கேலிக் மட்டும், கேலிக்கும் ஆங்கிலமும் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டார்கள். தொகை 2,54,415 ஆக உயர்ந்தது. 1901இல் மூன்று வயது நிரம்பியவர்களை மட்டுமே எண்ணினார்கள். 2,30,806 ஆகக் குறைந்தது. பத்தாண்டில் ஒரு மொழி வளர்ந்து அடுத்த பத்தாண்டில் தேய்ந்ததுபோல் தோன்றும் இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும் பகுதி, கேள்வி மாறியதன் விளைவு.

1901 முதல் கேள்வி நிலைத்தது. அதன் பின் வரும் சரிவை நம்பலாம்: 1911இல் 2,02,398, 1921இல் 1,58,779. கேலிக் மட்டுமே அறிந்தவர்கள் 28,106இலிருந்து 18,400 ஆகி, பிறகு 9,829 ஆனார்கள். பாரிஷ் வாரியான இந்தக் கணக்குகளைக் கொண்டுதான் சார்லஸ் விதர்ஸ் 1984இல் வெளிவந்த தம் நூலில் கேலிக் மொழியின் நிலப்பரப்பு சுருங்கியதைத் தடம் பிடித்தார். கேலிக்கின் வரலாற்றை எழுதிய எவரும் இந்தக் கட்டத்தைத் தவிர்த்ததில்லை.

மொத்தப் போக்குக்கு இந்தச் சான்று போதும். ஒரு தனிமனிதரைப் பற்றி முடிவு சொல்ல இது போதாது. 1872ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கேலிக்கைப் பொருட்படுத்தவே இல்லை. பள்ளிக்கூடம் ஆங்கிலத்தின் இடமாக இருந்தது. அதே பள்ளியின் ஆசிரியர் கணக்கெடுப்பாளராக வந்து, தம் முன்னாள் மாணவரின் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, ஆங்கிலம் தெரியுமா என்று கேட்கும் காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். தெரியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? ஆசிரியருக்கும், தாம் கற்பித்த ஆங்கிலம் வீண் என்று எழுத எவ்வளவு மனம் வரும்? இரண்டு பக்கமும் கேலிக்கும் ஆங்கிலமும் என்ற கட்டத்தை நோக்கியே இழுக்கின்றன. சந்தையில் விலை கேட்கும் அளவுக்கு ஆங்கிலம் அறிந்த மூதாட்டியும், ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் அவருடைய பேத்தியும் ஏட்டில் ஒரே குறியீட்டின்கீழ் வருகிறார்கள். கேலிக்கைப் படிக்கவோ எழுதவோ தெரியுமா என்று கணக்கெடுப்பு 1971இல்தான் முதன்முறையாகக் கேட்டது.

எனவே கேலிக் மட்டும் என்ற எண்ணைக் குறைந்தபட்ச எண்ணாகக் கொள்ள வேண்டும் என்பேன். உண்மையில் ஆங்கிலத்தில் உரையாட முடியாதவர்கள் அதைவிடக் கூடுதலாகவே இருந்திருப்பார்கள்.

6. 1911இன் திருமணக் கேள்விகள்

பிறப்பு விகிதம் சரிந்துவந்த காலம் அது. எந்த வகுப்பினர் எத்தனை பிள்ளை பெறுகிறார்கள் என்ற கவலை அரசுக்கும் மருத்துவர்களுக்கும் இருந்தது. 1911இல் மணமான பெண்களைப் பற்றி மூன்று விவரங்கள் கேட்டார்கள்: மணமாகி எத்தனை ஆண்டுகள், உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடிருப்பவர்கள் எத்தனை. எடின்பரோவில் புள்ளியியல் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் கிராஃபர்ட் டன்லப் இதை ஆராய்ந்து 1914இலேயே கட்டுரை வெளியிட்டார். இங்கிலாந்தின் ஆய்வு முழுமையாக வெளிவர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இந்தக் கட்டங்களை ஸ்காட்லாந்தில் சோதிக்கக் கூடுதலான ஒரு வாய்ப்பு உண்டு. அங்கே 1861 முதல் குழந்தையின் பிறப்புப் பதிவில் பெற்றோர் மணந்த நாளும் இடமும் எழுதப்பட்டன. ஏட்டில் பதினெட்டு ஆண்டுகள் என்று இருந்தால், மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவை எடுத்து உண்மையா என்று பார்த்துவிடலாம். முதல் பிள்ளை திருமணத்துக்கு முன்பே கருவில் இருந்த வீடுகளில் ஓராண்டு கூட்டிச் சொல்லும் தேவை எழுந்திருக்கும். ஸ்காட்லாந்துச் சட்டத்தின் தனித்தன்மையும் இதில் சேர்கிறது. பாதிரியார் இல்லாமல் இருவர் மணமக்கள் என்று அறிவித்துக்கொண்டாலே அது அன்று சட்டப்படி திருமணம். கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தாலும் அன்று அது திருமணம்தான். அறிவிப்பால் மணக்கும் முறை 1940 வரை நீடித்தது. அப்படிச் சேர்ந்தவர்கள் எந்த நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணுவார்கள்?

குழந்தைகளின் எண்ணிக்கை இன்னும் நுட்பமானது. இறந்து பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்வது ஸ்காட்லாந்தில் 1939இல்தான் தொடங்கியது. பிறந்து சில நிமிடங்களே மூச்சு விட்ட குழந்தையை உயிருடன் பிறந்ததாகச் சேர்ப்பதா என்பதைத் தாயின் நினைவே முடிவு செய்தது. படிவத்தை நிரப்பியவரோ குடும்பத் தலைவர்; பெரும்பாலும் கணவர். இறந்துபோன பிள்ளைகளை எண்ணிச் சொல்லும்படி ஒரு தாயிடம், அடுத்த தெருவில் வசிக்கும் ஒருவர் கேட்க நேர்ந்தது. அந்தப் பதில்களில் சில தவறாக இருந்தால் வியப்பதற்கில்லை. இவ்வளவு தூரம் அவை சரியாக வந்ததே பெரிது. மணமாகாமல் பிள்ளை பெற்ற பெண்களை இந்தக் கேள்வி தொடவே இல்லை. பான்ஃப்ஷயர் போன்ற வடகிழக்கு மாவட்டங்களில் அத்தகைய பிறப்புகள் அதிகம் என்பதைப் பதிவாளரின் அறிக்கைகளே நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. அங்கெல்லாம் மகளின் பிள்ளை தாத்தா பாட்டியின் பிள்ளையாக ஏட்டில் எழுதப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் அடிக்கடி எதிர்கொள்கிறார்கள்.

7. பெண்களின் உழைப்பு

தொழில் கட்டத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. கணக்கெடுப்பு பெண்களின் வேலையைக் குறைத்துக் காட்டியது என்று எட்வர்ட் ஹிக்ஸ் 1980களில் வாதிட்டார். அண்மைய ஆய்வாளர்கள் சிலர், ஆண்டு முழுதும் தொடர்ந்து கூலி பெற்ற பெண்களை ஏடுகள் ஓரளவு சரியாகவே பதிந்திருக்கின்றன என்று இங்கிலாந்தின் சான்றுகளைக் கொண்டு மறுத்தார்கள். ஸ்காட்லாந்துக்கு இரண்டுமே பொருந்தும், இடம்தான் வேறு. டண்டீயின் சணல் ஆலைப் பெண்களை ஏடு தெளிவாகக் காட்டுகிறது. லூயிஸில் கரி மண் சுமந்து, உருளைக்கிழங்கு நட்டு, மாடு பார்த்த சிறுகுத்தகைக்காரரின் மனைவிக்குத் தொழில் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். ஹெர்ரிங் மீனை வெட்டி உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்க ஷெட்லாந்து முதல் யார்மத் வரை ஆண்டுதோறும் பயணித்த தீவுப் பெண்கள், மார்ச் இறுதியில் வீட்டில் இருந்தார்கள், சீசன் தொடங்கவில்லை. அவர்களின் தொழிலை எழுதுவதும் விடுவதும் கணக்கெடுப்பாளரின் எண்ணத்தைப் பொறுத்தது.

8. எந்த இரவு?

1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஏப்ரல் 24இல் நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கப் போராட்டத்தால் அது ஜூன் 19க்குத் தள்ளிப்போனது. வசந்தத்திலிருந்து கோடைக்கு நகர்ந்த இந்த எட்டு வாரம் பாரிஷ் எண்களைப் புரட்டிப்போட்டது. கிளைட் நதி முகத்துவாரத்தில் உள்ள பியூட் மாவட்டத்தைப் பார்க்கலாம். 1911இல் அங்கே 18,186 பேர், 1921இல் 33,711, 1931இல் 18,823. இடையில் எந்தத் தொழிலும் வந்து போகவில்லை. கிளாஸ்கோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் அன்றிரவு அங்கே தங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அதே அளவுக்கு வேறு பாரிஷ்களில் ஆட்கள் குறைந்திருக்க வேண்டும். மீன் பருவம் நடந்துகொண்டிருந்ததால் தீவுகளின் இளம்பெண்களில் பலர் வேறு துறைமுகங்களில் எண்ணப்பட்டிருப்பார்கள்.

லூயிஸின் 1921 எண்களைப் படிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். முதல் உலகப் போரில் அந்தத் தீவு ஏறத்தாழ ஆயிரம் ஆண்களை இழந்தது. போர் முடிந்து வீடு திரும்பியவர்களை ஏற்றிவந்த அயலேர் கப்பல் 1919 புத்தாண்டு அதிகாலையில் ஸ்டோர்னோவே துறைமுகத்தின் வாயிலிலேயே மூழ்கி 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறப்பால் குறைந்தது எவ்வளவு, அந்த இரவில் வெளியூரில் இருந்ததால் குறைந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் போரின் பாதிப்பை அளவிட முடியாது. பிரிக்க வழி இருக்கிறது. இறப்புப் பதிவுகள், பள்ளி ஆசிரியரின் நாட்குறிப்பேடுகள், வீட்டு மதிப்பீட்டுப் பட்டியல்கள், பாரிஷின் வறியோர் உதவிப் பதிவேடுகள் ஆகியவை கிடைக்கின்றன. ஒரு பாரிஷை எடுத்துக்கொண்டு இவற்றை ஏட்டோடு பெயர் பெயராக இணைத்துப் பார்க்கும் வேலையை ஒவ்வொரு வட்டார வரலாற்றுச் சங்கமும் மேற்கொள்ள வேண்டும். மொத்த எண்களைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுவதைவிட அது பல மடங்கு பயன் தரும்.

அதற்கு நேரமும் நெருங்கிவிட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942 டிசம்பரில் நடந்த தீவிபத்தில் எரிந்துபோயின; 1941இல் போரின் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஸ்காட்லாந்தின் 1931 ஏடுகள் எடின்பரோவில் இருந்ததால் தப்பின. நூறாண்டு விதி முடிந்ததும் அவையும் வெளிவரும்.